இரண்டு ரெப் மிச்சம் வை: பள்ளி விளையாட்டு வீரர்களுக்கு வலிமைப் பயிற்சியின் அரிச்சுவடி

குறுவட்டப் போட்டிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதுதான் பல பள்ளி மைதானங்களில் 'உடம்பை ஏத்தணும்' என்ற பேச்சு எழும். மைதானத்தைச் சுற்றிப் பத்து ரவுண்டு, நூறு தண்டால், இருநூறு பஸ்கி. மூன்றாம் நாள் பாதிப் பிள்ளைகள் படியிறங்க முடியாமல் நொண்டுவார்கள். போட்டியன்று கால் கனத்துக் கிடக்கும். இப்படிக் களைப்பை உண்டாக்க யாராலும் முடியும், ஒரு விசில் போதும். வலிமையை உண்டாக்கத்தான் கணக்கு வேண்டும்.

இந்தக் கட்டுரை அந்தக் கணக்கைப் பற்றியது. ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்துக்கொண்டு, கபடி, கைப்பந்து, ஓட்டம் என்று ஏதாவது ஒன்றில் இருக்கிற, இதுவரை பளுவைத் தொடாத மாணவ மாணவியருக்கு எழுதியது. அவர்களைப் பழக்கும் உடற்கல்வி ஆசிரியர்களும் பெற்றோரும் கூடவே படிக்கலாம். மனவுறுதியும் இதிலேயே வரும். அதற்கென்று தனி வகுப்பு, தனிச் சொற்பொழிவு தேவையில்லை என்பதுதான் எங்கள் கட்சி.

தேர் வடம்

தசை பருத்தால்தான் வலிமை கூடும் என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. தேர் இழுப்பதை நினைத்துப் பாருங்கள். வடத்தில் இருநூறு பேர் நிற்கிறார்கள். அறுபது பேர் மட்டும் பிடித்து, அதிலும் ஆளுக்கொரு நேரத்தில் இழுத்தால் தேர் அசையாது. புதிதாக ஆள் சேர்க்காமலே, நிற்கிற அத்தனை பேரையும் ஒரே குரலுக்கு இழுக்க வைத்தால் நகர்ந்துவிடும். தசை இழைகள்தான் வடம் பிடிக்கும் ஆட்கள். குரல் கொடுப்பது மூளையும் நரம்பும். பயிற்சி தொடங்கி முதல் இரண்டு மாதத்தில் கிடைக்கும் வலிமையில் பெரும்பங்கு இந்த ஒழுங்கிலிருந்து வருவது. தசை கண்ணுக்குத் தெரியும்படி பருப்பது அதற்குப் பிறகு, அதுவும் பருவ வயது ஹார்மோன்களின் துணையோடு. அதனால் பதின்மூன்று வயதுப் பையன் மூன்று தண்டாலிலிருந்து பன்னிரண்டுக்குப் போயிருப்பான், கை மட்டும் அதே முருங்கைக்காய் மாதிரி இருக்கும். வீட்டில் "ஒண்ணும் தெரியலையே" என்பார்கள். தெரியாது. நோட்டில்தான் தெரியும். நோட்டைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

மைதானத்தில் இதனால் என்ன பயன்? முழு வேகத்தில் ஓடுகிறவரின் பாதம் ஒவ்வொரு அடிக்கும் தரையில் இருப்பது ஏறக்குறைய 0.1 நொடி. தசை தன் உச்ச விசையை எட்டுவதற்கோ 0.3 நொடிக்கு மேல் பிடிக்கும். ஆக, மைதானத்தில் யாரும் தன் முழு வலிமையைச் செலவழிப்பதில்லை. கையிருப்பில் ஒரு பங்கைத்தான் அவசரமாக எடுத்துக் கொடுக்கிறார்கள். கையிருப்பு பெரிதாக இருந்தால் அந்தப் பங்கும் பெரிதாகும். முதலில் மெதுவான, சுத்தமான வலிமை, பிறகு வேகம், பிறகு தாவல் என்ற வரிசை இதிலிருந்து வந்தது.

"வெயிட் தூக்கினா வளர்த்தி நின்னுடும்"

இந்தப் பயம் வீட்டுக்கு வீடு உண்டு. எலும்பின் நுனிகளில் வளர்ச்சித் தட்டு என்ற மென்மையான பகுதி இருக்கிறது. பதின்ம வயது முடியும் வாக்கில் அது கெட்டியாகி மூடிக்கொள்ளும். அங்கே அடிபட்டால் வளர்ச்சி பாதிக்கலாம் என்பது உண்மை. ஆனால் பளுப் பயிற்சியில் அப்படி அடிபட்டதாகப் பதிவானவை பெரும்பாலும் கண்காணிப்பு இல்லாமல், தவறான முறையில், தூக்க முடியாத எடையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்ததால் வந்தவை. சரியான கண்காணிப்போடு செய்யும் பயிற்சி உயரத்தைக் குறைப்பதில்லை என்பதை அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் 2020 அறிக்கையும், பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து 2014இல் வெளியிட்ட கூட்டறிக்கையும் ஆதரிக்கின்றன.

கணக்காகவே பார்ப்போமே. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் காலில் விழும் விசை உடல் எடையைப்போல் இரண்டு, மூன்று மடங்கு. 40 கிலோ பிள்ளை தெருவில் ஓடிப்பிடித்து விளையாடினாலே ஒவ்வொரு அடிக்கும் 80 முதல் 120 கிலோவுக்கு ஈடான விசையை எலும்பு தாங்குகிறது. அதைத் தடுக்காத நாம் 8 கிலோ பையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தால் பதறுகிறோம். பளு தூக்குபவர்கள் குட்டையாக இருக்கிறார்களே என்றால், குட்டைக் கை கால் அந்த விளையாட்டுக்கு வசதி; அப்படிப்பட்டவர்கள் அதில் நிலைக்கிறார்கள். கூடைப்பந்து ஆடினால் உயரமாகிவிடுவார்கள் என்பதும் இதே தலைகீழ்க் கணக்குதான்.

மிசோரமின் ஜெரமி லால்ரின்னுங்கா 2018இல் புவெனஸ் அய்ரஸ் இளையோர் ஒலிம்பிக்கில் 62 கிலோ பிரிவில் மொத்தம் 274 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியபோது அவருக்கு வயது 15. அதைப் பார்த்து நாமும் அந்த எடைக்குப் போகலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். சிறு வயதிலிருந்து நுட்பத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பழகி அங்கே போய்ச் சேர்ந்தவர் அவர்.

தொடங்க எது சரியான வயது என்பதைவிட, சொன்னதைக் கேட்டுச் செய்கிற பக்குவம் இருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றைக் காலில் பத்து நொடி ஆடாமல் நிற்க முடிந்தால் தொடங்கலாம். ஒரு எச்சரிக்கை: பெண்களுக்கு ஏறத்தாழ 12 வயதிலும் ஆண்களுக்கு 14 வயதிலும் உயரம் திடுதிப்பென்று ஏறும். கால் நீண்டுவிடும்; மூளை பழைய நீளத்தையே நினைத்துக்கொண்டிருக்கும். நேற்று வரை நன்றாகத் தாவிய பிள்ளை இன்று தடுமாறுவது சோம்பலால் அல்ல. மூன்று மாதத்துக்கொரு முறை சுவரில் கோடு போட்டு அளந்து வாருங்கள். இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் ஏறியிருந்தால் எடையைக் கூட்டுவதை நிறுத்திவிட்டு, தாவல்களின் எண்ணிக்கையைக் குறைத்து, அசைவைச் சுத்தமாக்குவதில் அந்த மாதங்களைச் செலவிடலாம்.

இளவட்டக்கல்லின் குறை

தென்மாவட்டக் கிராமங்களில் ஊர்ப் பொதுவிடத்தில் இளவட்டக்கல் கிடக்கும். நூறு கிலோவை ஒட்டியும் தாண்டியும் இருக்கிற உருண்டைக் கல். தூக்கித் தோளுக்கு மேல் போட்டால் வீரன். பெருமையான மரபுதான். ஆனால் பயிற்சிக் கருவி என்ற வகையில் அதில் ஒரு குறை உண்டு: படிகள் கிடையாது. தூக்க முடியும், அல்லது முடியாது. இடையில் என்ன செய்வதென்று கல் சொல்லாது.

படிகளைக் கட்டியவர்களில் முக்கியமானவர் தாமஸ் டிலோர்ம் என்ற அமெரிக்க ராணுவ மருத்துவர். இரண்டாம் உலகப்போரில் முட்டி அடிபட்டு வந்த வீரர்களுக்கு, எடையைச் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டே போகும் முறையை 1940களில் அவர் பழக்கினார். பத்துப் பத்து ரெப்பாக மூன்று செட் என்று இன்று ஜிம்முக்கு ஜிம் சொல்லும் வழக்கம் அவரது ஆய்வுகளிலிருந்து பரவியது. ஒரு முறை இறங்கி ஏறினால் ஒரு ரெப். இடைவிடாமல் செய்யும் ரெப்களின் தொகுப்பு ஒரு செட்.

உங்களுக்கு இரும்பு வேண்டியதில்லை. ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இதைவிடத் துல்லியமான எடைக்கல் மலிவாகக் கிடைக்காது. பழைய புத்தகப் பையில் ஒரு லிட்டர் பாட்டில்களை நிறைத்து, ஆடாமலிருக்க இடையில் துண்டைத் திணித்தால் 4 கிலோவிலிருந்து 12 கிலோ வரை ஒவ்வொரு கிலோவாக ஏற்றலாம். அதற்கு மேல் போனால் மணல். பத்து லிட்டர் காய்ந்த மணல் ஏறக்குறைய 16 கிலோ இருக்கும். நனைந்தால் இன்னும் கனக்கும் என்பதால் தராசில் நிறுத்துக் கட்டுங்கள். சாக்கை இரட்டையாகப் போட வேண்டும், இல்லையென்றால் மூன்றாம் வாரம் தையல் விட்டு மைதானமெல்லாம் மணல்.

உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடக்குவது

பெரும்பாலான பயிற்சிகள் ஆறு வகைக்குள் அடங்கும்: உட்கார்ந்து எழுவது, இடுப்பை மடக்கிக் குனிவது, தள்ளுவது, இழுப்பது, ஒற்றைக் காலில் செய்வது, சுமந்து நடப்பது. முதல் இரண்டும் சரியாக வந்துவிட்டால் மற்றவை தானாக வரும்.

ஸ்குவாட் நமக்குப் புதிதில்லை, தோப்புக்கரணம் போடத் தெரியாதவர் யார்? பையை மார்போடு அணைத்துக்கொள்ளுங்கள். பாதங்கள் தோள் அகலம், விரல்கள் சற்றே வெளிநோக்கி. மூச்சை வயிற்றுக்குள் இழுத்து, யாரோ வயிற்றில் குத்தப்போவதுபோல் இறுக்கி, மூன்று எண்ணுவதற்குள் இறங்கி, தொடை தரைக்கு இணையாக வந்ததும் தரையை மிதித்துத் தள்ளி எழ வேண்டும். எழும்போது மூச்சு வெளியே.

இங்கே தவறுவது மூன்று இடங்களில். குதிகால் தூக்கிக்கொள்வது ஒன்று. கணுக்கால் இறுகியிருப்பதே பெரும்பாலும் காரணம். குதிகாலுக்கடியில் இரண்டு சென்டிமீட்டர் பலகை வைத்துச் செய்துகொண்டே, தினமும் இரண்டு நிமிடம் குத்தவைத்து உட்காரச் சொல்லுங்கள். மேற்கத்தியக் கழிப்பறை வந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு இது மறந்தே போயிருக்கும். முட்டிகள் உள்நோக்கி ஒடுங்குவது இரண்டாவது. எடை அதிகம், அல்லது இடுப்பின் பக்கவாட்டுத் தசை தூங்குகிறது. எடையைக் குறைத்து, முட்டியைக் கால் இரண்டாம் விரல் போகும் திசையில் செலுத்தச் சொல்ல வேண்டும். இதைச் சாதாரணமாக விடக்கூடாது, குறிப்பாகப் பெண்களிடம். தாவி இறங்கும்போதும் சட்டென்று திரும்பும்போதும் முட்டி இப்படி உள்ளே போவதுதான், யாரும் இடிக்காமலே முட்டிக்குள் எலும்புகளைப் பிணைக்கும் முன் சிலுவைத் தசைநார் (ஏ.சி.எல்.) அறுந்துபோகும் நிலை; கைப்பந்து, கூடைப்பந்து, கபடி ஆடும் பெண்களுக்கு இந்தக் காயத்தின் வாய்ப்பு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம். மூன்றாவது, அடியில் போய் முதுகு வளைவது. அப்படியானால் அவ்வளவு ஆழம் இப்போதைக்கு வேண்டாம். பின்னால் ஒரு பெஞ்சைப் போட்டு, அதைத் தொட்டு எழுந்தால் போதும்.

இடுப்பை மடக்குவதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், செய்து காட்டினால் ஒரு நிமிடம். இரண்டு கையிலும் பாத்திரம் இருக்கும்போது பின்னாலிருக்கும் கதவைப் பிட்டத்தால் தள்ளி மூடுவோமே, அந்த அசைவு. சுவருக்கு முதுகு காட்டி ஒரு பாத நீளம் தள்ளி நில்லுங்கள். முட்டியை லேசாகத் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடுங்கள். தொட்டதும் இன்னும் அரை அடி தள்ளி நின்று மறுபடி. தொடையின் பின்புறம் இழுத்தால் சரி. கீழ்முதுகு இழுத்தால் தவறு. முதுகு நேராக இருக்கிறதா என்று பார்க்க ஒரு நீளமான கம்பை முதுகோடு பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பின்தலை, மேல்முதுகு, வால் எலும்பு என்ற மூன்று இடமும் கம்பைத் தொட்டபடியே குனிய வேண்டும். ஒன்று விலகினாலும் எடை கிடையாது. இது சுத்தமாக வர இரண்டு வாரம் ஆனால் ஆகட்டும். ஓட்டக்காரர்களின் தொடைப் பின்தசைப் பிடிப்புக்கு இதைவிட நல்ல மருந்து குறைவு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தள்ளுவதற்குத் தண்டால், தரையில் ஐந்து வரவில்லை என்றால் முட்டி போட்டுச் செய்வதைவிட, மேசை உயரத் திண்ணையிலோ படியிலோ கையை ஊன்றிச் செய்து வாரந்தோறும் ஒரு படி கீழே இறங்குவது மேல், ஏனென்றால் உடல் முழுக்க விறைப்பாக இருக்கப் பழகும். இழுப்பதற்கு ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றி மறு கையால் பையை இடுப்புக்கு இழுப்பது. ஒற்றைக் காலுக்கு முட்டி உயரத்துக்குச் சற்றுக் குறைந்த படியில் ஏறி இறங்குவது. சுமப்பதற்கு இரு கையிலும் பாதி நிரப்பிய தண்ணீர் வாளியோடு சிந்தாமல் 30 மீட்டர் நடை. சிந்தினால் உடம்பு ஆடுகிறது என்று அர்த்தம், வேறு பயிற்சியாளர் தேவையில்லை.

வாரத்துக்கு இரண்டு நாள்

தொடக்கக்காரருக்கு வாரம் இரண்டு நாள் போதும். இடையில் குறைந்தது 48 மணி நேரம் வேண்டும்; திங்கள், வியாழன் என்று வைத்துக்கொள்ளலாம். காலை ஏழரைக்குள் முடித்துவிடுங்கள், நம் ஊர் வெயிலில் பத்து மணிக்குப் பளு பிடிப்பது தண்டனை. எட்டு நிமிடம் மெல்லோட்டமும் மூட்டு அசைவும், பிறகு நின்ற இடத்திலிருந்து தாவி இரண்டு நொடி சிலைபோல் இறங்கி நிற்பது ஐந்து முறை. சத்தம் வராமல் இறங்கப் பழகிய பிறகே உயரமான இடத்திலிருந்து தாவல்.

முதல் நாள்: ஸ்குவாட் 3 செட், 8 ரெப், தண்டால் 3 செட், பை இழுப்பது கைக்கு 8 வீதம் 3 செட், வாளி நடை 3 தடவை. இரண்டாம் நாள்: இடுப்பு மடக்கல் 3 செட், 8 ரெப், படியேற்றம் காலுக்கு 8 வீதம் 2 செட், தண்டால் மறுபடி 2 செட், பிளாங்க் (முழங்கையையும் கால் விரல்களையும் தரையில் ஊன்றி உடலைப் பலகைபோல் நேராக வைத்திருப்பது) 20 நொடி 3 தடவை, கடைசியில் நார்டிக். நார்டிக் என்பது முட்டி போட்டு நிற்க, கூட்டாளி கணுக்கால்களை அழுத்திப் பிடிக்க, உடலை நேராக வைத்தபடி முடிந்தவரை மெதுவாக முன்னால் சாய்ந்து கையால் தரையைத் தொடுவது. முதல் வாரம் 3 ரெப் வீதம் 2 செட்டுக்கு மேல் வேண்டாம். ஆர்வத்தில் பத்துப் பத்தாகச் செய்தவர்கள் நான்கு நாள் நடக்கச் சிரமப்படுவார்கள். செட்டுகளுக்கு நடுவே ஒன்றரை முதல் இரண்டு நிமிடம் ஓய்வு. ஓய்வைக் குறைத்தால் வேகமாக வலிமை வரும் என்பது தவறான எண்ணம், மூச்சுதான் வாங்கும்.

இப்போது தலைப்புக்கு வருகிறோம். ஒவ்வொரு செட்டையும், இன்னும் இரண்டு ரெப் செய்ய முடியும் என்ற நிலையில் நிறுத்த வேண்டும். எட்டு செய்தபோது பத்து வந்திருக்கும் என்று தோன்றினால் அதுதான் சரியான எடை. எப்படித் தெரியும்? ரெப் ஏறும் வேகம் கண்ணுக்குத் தெரிய மந்தமானால், இன்னும் ஒன்றிரண்டுதான் பாக்கி. அசைவு கோணினால் ஏற்கெனவே தாண்டிவிட்டீர்கள். கடைசித் துளி வரை பிழிவதில் கூடுதலாகக் கிடைப்பது கொஞ்சம், கொடுக்கும் விலை அதிகம். அந்த விலை மறுநாள் மைதானத்தில் தெரியும்.

எடையைக் கூட்டும் விதி எளியது. 8 கிலோவில் 8, 8, 8 வந்ததா? அடுத்த முறை அதே எடையில் 9. மூன்று செட்டிலும் 12 வந்த பிறகு ஒரு பாட்டில் சேர்த்து 9 கிலோ, மறுபடி 8 ரெப்பிலிருந்து. ஐந்து வாரத்துக்கொரு முறை ஒரு வாரம் செட்டுகளைப் பாதியாக்குங்கள், எடை அப்படியே இருக்கட்டும். போட்டிக் காலத்தில் வாரம் ஒரு நாள், பயிற்சிக்கு இரண்டு செட். கடைசிப் பளு நாளுக்கும் போட்டிக்கும் இடையே மூன்று நாள். போட்டி வருகிறதென்று பயிற்சியை அடியோடு நிறுத்துவதும், போட்டி வருகிறதென்று இருமடங்கு ஆக்குவதும் ஒரே மாதிரித் தவறுகள்.

நோட்டு

நாற்பது பக்க நோட்டு ஒன்று. தேதி, பயிற்சி, எடை, ரெப், எத்தனை மிச்சம், நேற்றிரவு தூக்கம், ஒரு வரிக் குறிப்பு. ஒரு பதிவு இப்படியிருக்கும்: "ஸ்குவாட் 10 கிலோ, 8-8-7. மிச்சம் 1. தூக்கம் 6 மணி. மூன்றாம் செட்டில் வலது முட்டி உள்ளே போச்சு."

மனவுறுதி இங்கேதான் வளர்கிறது. 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார்: தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப்போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கம், உடலின் அப்போதைய நிலை. இவற்றில் வலுவானது முதலாவது. சொல்லால் ஊட்டும் ஊக்கம் முதல் தோல்வியிலேயே கரைந்துவிடக்கூடியது. ஆனால் நம் மைதானங்களில் நாம் அதிகம் செலவழிப்பது எதில்? போட்டிக்கு முன் வட்டமாக நிற்கவைத்துப் பேசுகிற பேச்சில். ஜூனில் 6 கிலோவுக்குத் திணறிய பெண், அக்டோபரில் 12 கிலோவை எடுத்ததைத் தன் கையெழுத்திலேயே பார்ப்பது அந்தப் பேச்சைவிட நெடுநாள் நிற்கும்.

இன்னொன்றையும் நோட்டு கற்றுக்கொடுக்கிறது. மூன்றாம் செட்டில் 7 வந்தது தோல்வியா? தூக்கம் 6 மணி என்று பக்கத்திலேயே இருக்கிறது. 'நான் லாயக்கில்லை' என்ற முடிவுக்குப் போகாமல் 'நேற்று ஏன் தூங்கவில்லை' என்ற கேள்விக்குப் பிள்ளை போகிறது. ஆட்டத்தில் தோற்றாலும் அதே மாதிரி மூன்று வரி எழுதச் சொல்லுங்கள்: எது நன்றாக வந்தது, எது போனது, இந்த வாரம் எதை மாற்றுவது. அதற்கு மேல் தோல்வியை அலச வேண்டாம், வீட்டுக்குப் போகும் வழியில் அப்பா அலசுவது உட்பட.

பதற்றமான நேரத்துக்கு 'இப்படி நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே ஒரு வாக்கியம் எழுதிவைப்பது நல்ல பலன் தருகிறது. "ரெய்டில் பிடிபட்டு வெளியே வந்தால், மூன்று நீள மூச்சு விட்டு, எதிரணியின் இடது கார்னர் எந்தக் காலை முன்னால் வைக்கிறான் என்று கவனிப்பேன்." "சர்வீஸ் நெட்டில் பட்டால், பந்தை இரண்டு முறை தட்டி, எதிர் மூலையை மட்டும் பார்ப்பேன்." நிகழ்வு குறிப்பானதாக இருக்க வேண்டும், செயல் உடனே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். 'பயப்பட மாட்டேன்' என்று எழுதுவது வீண், அதில் செய்வதற்கு ஒன்றுமில்லை. போட்டிக்கு முன் நெஞ்சு படபடப்பதை அடக்கவும் முயல வேண்டாம். கனமான செட்டுக்கு முன்னாலும் அதே படபடப்புதான் வந்தது, தூக்கியும் விட்டார்கள் என்பதை நினைவூட்டினால் போதும்.

பயிற்சியாளரின் வாய்க்கும் கொஞ்சம் பயிற்சி வேண்டும். 'முட்டியை நீட்டு' என்பதைவிட 'தரையைத் தள்ளு' என்ற கட்டளைக்கு உடல் நன்றாகக் கேட்கும். கவனம் உடலுறுப்பில் இருப்பதைவிட வெளிப்பொருளில் இருந்தால் அசைவு மேம்படுகிறது என்பதை கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவரைத் தொடர்ந்தவர்களும் 1998 முதல் பல சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். பாராட்டும் அப்படித்தான். "நீ பொறந்ததே கபடிக்குத்தான்டா" என்று கேட்டு வளர்ந்தவன் தோற்ற அன்றைக்கு, தான் பிறந்ததே வீணோ என்று நினைப்பான். "இன்னைக்கு மூணு செட்டுலயும் முட்டி உள்ளே போகலை" என்பது சின்னப் பாராட்டு, ஆனால் நாளைக்கும் அவன் கையில் இருப்பது.

'வளர்ச்சி மனப்பான்மை' (திறமை பிறவியோடு முடிவதல்ல, உழைப்பால் வளர்வது என்ற எண்ணம்) என்ற பெயரில் சுவரொட்டியும் சொற்பொழிவும் விற்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை. அமெரிக்காவில் ஏறத்தாழ 12,000 ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் செய்து 2019இல் வெளியான பெரிய ஆய்வில், மதிப்பெண் குறைவாக எடுப்பவர்களுக்கு அந்த எண்ணத்தை ஊட்டியதால் கிடைத்த மதிப்பெண் ஏற்றம் நான்கு புள்ளி அளவுகோலில் 0.1 அளவுதான். பொய்யில்லை, மாயமும் இல்லை.

தண்டனையாகத் தண்டாலும் பஸ்கியும் கொடுப்பதை நிறுத்த வேண்டும். தாமதமாக வந்தவனுக்கு ஐம்பது பஸ்கி என்றால், பஸ்கி என்பது தப்புக்குக் கிடைப்பது என்று மொத்த அணியும் கற்றுக்கொள்கிறது. மறுநாள் அதையே ஆர்வமாகச் செய் என்றால் எப்படி? அதில் மருத்துவ ஆபத்தும் உண்டு. பழக்கமில்லாத உடம்பில் நூற்றுக்கணக்கில் பஸ்கி ஏற்றினால் தசை இழைகள் சிதைந்து, அவற்றின் உள்ளடக்கம் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைப் பாதிக்கலாம். ஓரிரு நாளில் தொடை வீங்கி, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் வீட்டு வைத்தியம் கூடாது, அன்றே மருத்துவமனை.

சோறு, தூக்கம், வலி

இந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. ஆறரை மணி தூங்கிவிட்டுப் புரதப் பவுடர் வாங்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவது. புரதம் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளைக்கு 1.2 முதல் 1.6 கிராம், 50 கிலோ பிள்ளைக்கு 60 முதல் 80 கிராம். முட்டை ஒன்றுக்கு 6 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை 7, ஒரு கோப்பை கொண்டைக்கடலைச் சுண்டல் 14, ஒரு டம்ளர் பால் 6. சோற்றைக் குறைக்காதீர்கள், பயிற்சிக்கு எரிபொருள் அதுதான். பெண்களுக்கு இரும்புச்சத்து தனிக்கவனம் கேட்கிறது: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. மூச்சு சீக்கிரம் வாங்குகிற பெண்ணை இன்னும் ஓடவைப்பதற்கு முன் ஹீமோகுளோபின் பாருங்கள். மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து நின்றிருந்தால், போதிய உணவில்லாமல் உழைக்கிறாள் என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம்; மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஜிம்மில் கொடுக்கும் பெயரில்லாத டப்பாக்களும் ஊசிகளும் பக்கத்திலேயே வரக்கூடாது. ஊக்கமருந்துச் சோதனையில் சிக்கினால், கொடுத்தவர் யாராயிருந்தாலும், உடலில் இருந்ததற்குப் பொறுப்பு வீரர்தான்.

பயிற்சிக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும் தசையின் நடுப்பகுதி இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வலித்தால் கவலையில்லை, மூன்று நாளில் அடங்கும். ஒரு பக்கம் மட்டும், மூட்டில், விரலால் தொட்டுக் காட்டும்படி ஓரிடத்தில் வலித்தால் அந்தப் பயிற்சியை நிறுத்துங்கள். முட்டிச் சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்து வலிப்பது உயரம் வேகமாக ஏறும் வயதில் அடிக்கடி வரும். தாவலையும் ஓட்டத்தையும் சில வாரம் குறைத்தால் பெரும்பாலும் தணியும். இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, நொண்ட வைக்கும் வலி இரண்டையும் எலும்பு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பிப்ரவரி வந்தால் பத்தாம் வகுப்பும் பன்னிரண்டாம் வகுப்பும் மைதானத்தைவிட்டுப் போய்விடும். வாரம் இருபது நிமிடம், ஸ்குவாட்டும் தண்டாலும் இரண்டு செட் என்று வீட்டு மாடியில் செய்தால் சேர்த்ததில் பெரும்பகுதி கையில் நிற்கும். அதுவும் முடியாமல் இரண்டு மாதம் விட்டுப்போனால், ஏப்ரல் கடைசியில் திரும்பி வரும்போது நோட்டின் கடைசிப் பக்க எடையைத் தொட வேண்டாம். அதில் மூன்றில் இரண்டு பங்கில் தொடங்குங்கள்: 12 கிலோ என்று எழுதியிருந்தால் 8 கிலோ, 8 ரெப், 2 செட்.